கூடு துறந்த நத்தை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

நத்தை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது அதன் கூடுதான். மழை விட்ட மறுநாள் வேலியோரம் ஊர்ந்து போகும் நத்தையைச் சிறு பிள்ளைகள் குச்சியால் தொடுகிறார்கள். அது சட்டென்று கூட்டுக்குள் ஒடுங்கிக் கொள்கிறது. பிள்ளைகள் போன பிறகு மெல்லக் கொம்பை நீட்டிப் பார்த்துவிட்டுத் தன் பயணத்தைத் தொடர்கிறது. ஓடத் தெரியாத, கடிக்கத் தெரியாத அந்த எளிய உயிருக்கு இயற்கை கொடுத்த ஒரே அரண் அதுதான். நீரில் வாழும் சங்குக்கும் சோழிக்கும்கூட இதே நியதிதான்.

அந்தக் கூட்டையும் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? மென்மையான சதை, மெதுவான நடை, வெளிச்சத்தையும் இருட்டையும் பிரித்தறிவதற்கு மேல் அதிகம் பயன்படாத கண்கள். பசித்த மீன்கள் ஆயிரம் ஆயிரமாகத் திரியும் பவளப் பாறையில் அப்படிப்பட்ட ஓர் உயிர் ஒரு நாழிகையாவது பிழைக்குமா? பிழைக்கிறது, நண்பர்களே! பாறையின் இடுக்கில் ஒளியாமல், பட்டப் பகலில், பட்டுப் புடவை உடுத்திய மணப்பெண்ணைப் போல் நடுப்பாறையில் அமர்ந்து பிழைக்கிறது. அந்த உயிரைப் பற்றியும், அது எனக்கும் என் தந்தையாருக்கும் நடுவே ஒரு பாலமாக அமைந்ததைப் பற்றியும் இந்த ஆண்டு மலரில் எழுத விரும்புகிறேன்.

அதன் பெயர் ஃபில்லிடியா வேரிகோசா. மெல்லுடலிகள் தொகுதியில், நத்தை வகுப்பைச் சேர்ந்த ஓடில்லாக் கடல் நத்தை. செங்கடலிலிருந்து இந்தியப் பெருங்கடல் வழியாக ஹவாய்த் தீவுகள் வரை வெப்பக் கடல்களில் வாழ்வது. முழு வளர்ச்சி அடைந்தது பத்து சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். உடலின் மேற்புறம் கறுப்பு. அதன்மேல் நீளவாக்கில் சாம்பல் கலந்த நீல வரப்புகள். வரப்புகளின்மேல் மொட்டு மொட்டாகப் புடைப்புகள். ஒவ்வொரு புடைப்பின் உச்சியிலும் மஞ்சள் வைத்தாற்போல் ஒரு பொட்டு. தலைப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் உணர்கொம்புகள் இரண்டும் அதே மஞ்சள். மற்ற பல ஓடில்லாக் கடல் நத்தைகளுக்கு முதுகில் பூங்கொத்துப் போல் செவுள்கள் விரிந்திருக்கும். இதற்கோ செவுள்கள் போர்வையின் அடியில், பாதத்தைச் சுற்றி இலை இலையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கிரேக்க மொழியில் இலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததே ஃபில்லிடியா என்னும் பேரினப் பெயர்.

'வேரிகோசா' என்ற சொல்லை முதன்முதலில் வாசித்தபோது அது எனக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லாகத் தோன்றியது. யோசித்துப் பார்த்தேன். என் தாயார் இருபது ஆண்டுகளாக மீன் கூடை சுமந்து, சந்தையில் நின்றபடியே வியாபாரம் செய்பவர். அவருடைய கெண்டைக்கால் நரம்புகள் நீலம் பாரித்துப் புடைத்திருப்பதைப் பார்த்த மருத்துவர் 'வெரிகோஸ் வெயின்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். புடைத்த நரம்பு என்பதே இரண்டிடத்திலும் பொருள். ஓரிடத்தில் உழைப்பின் வலி. மற்றோரிடத்தில் அழகின் அடையாளம். லத்தீன் மொழி அந்நிய மொழி என்று அஞ்சிக்கொண்டிருந்த எனக்கு, அது என் அம்மாவின் காலிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அந்த அச்சம் குறைந்தது.

இந்தப் பெயரை 1801-ஆம் ஆண்டில் சூட்டியவர் யார் தெரியுமா? ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து நீண்ட கதையைச் சொன்னாரே, அந்த லாமார்க்தான்! நாம் அவரைத் தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாக மட்டுமே அறிவோம். 1744-இல் பிறந்த அவர், தாவரவியலில் பெயர் பெற்றவர். 1793-இல் பாரிஸ் அருங்காட்சியகத்தில் பூச்சிகளுக்கும் புழுக்களுக்கும் பேராசிரியராக நியமிக்கப்பட்டபோது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. யாரும் மதிக்காத அந்த உயிர்களை அந்த வயதில் புதிதாகக் கற்கத் தொடங்கி, 'முதுகெலும்பற்றவை' என்று அவற்றுக்கு ஒரு பொதுப்பெயரும் கொடுத்தார். வாழ்வின் இறுதி ஆண்டுகளில் பார்வை இழந்தபோது, அவர் சொல்லச் சொல்ல எழுதி உதவியவர் அவருடைய மகள். தந்தை சொல்ல மகள் எழுதிய அந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைத்துக் கொள்வதுண்டு. அதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

இந்தியப் பெருங்கடலை லாமார்க் பார்த்ததில்லை. தொலைதூரக் கடல்களின் உயிர்கள் சாராயப் புட்டிகளில் ஏறி அவரிடம் வந்தன. இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். கடல் நத்தையைச் சாராயத்திலோ ஃபார்மலினிலோ இட்டு வைத்தால் அதன் உருவம் நிற்கும்; நிறம் நிற்காது. மஞ்சளும் நீலமும் கரைந்து வெளுத்துப் போகும். நம் விலங்கியல் துறையின் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிற்கும் புட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். கடலில் நூறு வண்ணத்தில் வாழ்ந்தவை எல்லாம் அங்கே ஒரே வண்ணத்தில் மிதக்கின்றன. பெயர் தெரிந்தவர்களிடம் நிறம் இல்லை. நிறம் தெரிந்தவர்களிடம் பெயர் இல்லை. இந்த நத்தையைப் பொறுத்தவரை நெடுங்காலம் நிலைமை இதுதான்.

இனி, கூட்டின் கதைக்கு வருவோம். இந்த நத்தை பிறவியிலேயே கூடற்றதா என்றால், இல்லை. கடல் நத்தைகள் நாடாப் போன்ற சுருளாக முட்டையிடுகின்றன. அதிலிருந்து வெளிவரும் இளவுயிரி கண்ணுக்குத் தெரியாத சிறு துகள். அந்தத் துகளுக்கு ஒரு கூடு உண்டு! சங்கின் இளவுயிரியைப் போலவே அதுவும் ஓர் ஓட்டுக்குள் இருந்துகொண்டு கடல் நீரில் மிதந்து திரிகிறது. பின்னர் தனக்கேற்ற பாறையில் இறங்கி உருமாறும்போது அந்த ஓட்டை உதறிவிடுகிறது. அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் அதற்கு ஓடு கிடையாது. சங்குக்கு வயது ஏற ஏற ஓடு தடிக்கிறது. இதற்கோ வாழ்க்கையே ஓட்டை விட்டு வெளியேறிய பிறகுதான் தொடங்குகிறது.

ஓட்டுக்குப் பதிலாக அது எதைச் சேர்த்துக் கொள்கிறது? இதை அறிய மனிதனுக்கு வெகுகாலம் பிடித்தது. 1963-இல் ஜோஹன்னஸ் என்ற ஆய்வாளர் ஒரு குறிப்பு வெளியிட்டார். இந்த நத்தை விநோதமான, கடுமையான வாடையுள்ள ஒரு கசிவை வெளியிடுகிறது என்றும், அந்தக் கசிவு மீன்களையும் இறால், நண்டு இனங்களையும் கொல்ல வல்லது என்றும் அதில் எழுதினார். பல்லில்லாத, நகமில்லாத உயிரிடம் இத்தனை நஞ்சு எங்கிருந்து வந்தது? ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் பால் ஷோயர் என்ற வேதியியல் பேராசிரியரின் குழு இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. ஓவாஹு தீவின் பூபூக்கேயா என்ற கடற்கரையில் இந்த நத்தை ஒரு கடற்பஞ்சை உண்பது தெரியவந்தது. அந்தப் பஞ்சை ஆராய்ந்தபோது அதிலும் அதே நஞ்சு இருந்தது! 1975-இல் அந்தப் பொருளின் வேதியியல் கட்டமைப்பை அவர்கள் வெளியிட்டார்கள்.

ஆக, நத்தை நஞ்சைத் தானே காய்ச்சவில்லை. உண்ட உணவிலிருந்து எடுத்துத் தன் உடலில் சேமித்து வைத்திருக்கிறது. மற்ற நத்தைகளுக்கு உணவைச் சுரண்டித் தின்ன அரம் போன்ற நாக்கு உண்டு. இதற்கு அதுகூட இல்லை. செரிமான நீரைப் பஞ்சின்மேல் உமிழ்ந்து, கரைந்ததை உறிஞ்சிக் கொள்கிறது. பிற உயிர்கள் நஞ்சென்று ஒதுக்கும் பஞ்சே இதற்கு உணவும் கவசமும் ஆகிறது.

அந்த நஞ்சுக்குக் கடற்கரையின் பெயரையே வைத்தார்கள்: ஐசோசயனோ பூபூக்கேயனேன். ஹவாய் மொழியில் 'பூபூக்கேயா' என்றால் 'வெள்ளைச் சிப்பி' என்று பொருளாம். சிப்பியும் ஓடும் இல்லாத நத்தையின் கவசத்துக்கு வெள்ளைச் சிப்பியின் பெயர்! திட்டமிட்டு வைத்திருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது.

அப்படியானால் அந்த வண்ணம் எதற்கு? இதற்கு விடை சொன்னவர் வாலஸ். கம்பளிப்புழுக்கள் சில ஏன் பகட்டான நிறத்தில் இருக்கின்றன என்ற ஐயம் டார்வினுக்கு இருந்தது. ஆண் பெண் கவர்ச்சிக்காக என்று சொல்வதற்கில்லை. புழுப் பருவத்தில் இனச்சேர்க்கையே கிடையாதே! 1867-இல் அவர் வாலஸிடம் கேட்டார். "நான் உண்ணத் தகாதவன்" என்று பறவைகளுக்குத் தொலைவிலிருந்தே அறிவிக்கும் பலகை அது என்பது வாலஸ் தந்த விளக்கத்தின் சாரம். கடல் நத்தையின் மஞ்சள் பொட்டுகளும் அத்தகைய அறிவிப்புப் பலகைதான். ஒரு முறை வாயில் வைத்துத் துப்பிய மீன் மறுமுறை அந்த நிறத்தைக் கண்டாலே விலகிப் போகும். இதில் விந்தை என்னவென்றால், அந்த நத்தையின் கண்களுக்குத் தன் நிறம் தெரியாது. உலகமே பார்த்து ஒதுங்கும் அழகை அது ஒருநாளும் கண்டதில்லை.

இந்த நிறத்துக்கு இருக்கும் மரியாதையைக் கண்டு சில உயிர்கள் அதே வேடமும் போடுகின்றன. தட்டைப்புழுக்களில் சில இந்தக் குடும்பத்து நத்தைகளைப் போலவே வண்ணம் பூசிக்கொண்டிருக்கின்றன. ஒரு வகைக் கடல் அட்டையின் குஞ்சு, வளரும் வரையில் அப்படியே ஃபில்லிடியாவைப் போல் தோற்றமளிக்கிறது. வளர்ந்த பிறகு வேடத்தைக் கலைத்துவிடுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் நூல்களிலிருந்து நான் அறிந்தவை. இனி நூலில் இல்லாத ஒன்று.

என் ஊர் மன்னார் வளைகுடாக் கரையில், தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள ஒரு மீனவக் கிராமம். என் தந்தையார் சங்கு குளித்தவர். மூச்சடக்கிக் கடலடிக்குப் போய்ச் சங்கு பொறுக்கி வருவது எங்கள் வீட்டில் தலைமுறைத் தொழில். நம் கடற்சங்கு வங்காளத்துக்குப் போய், அங்கே மணமான பெண்களின் கைவளையல் ஆவதை நீங்கள் அறிந்திருக்கலாம். ஆண்டுக்கணக்கில் நீரழுத்தத்தைத் தாங்கிய அப்பாவுக்கு ஒரு காது கேட்பதில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் குளிப்பதை நிறுத்திவிட்டு, இப்போது சித்தப்பாவின் நாட்டுப் படகில் வலைக்குப் போகிறார். பள்ளிக்கூடத்தில் அவர் இரண்டாம் வகுப்பைத் தாண்டியதில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

கடற்கரையில் பிறந்தவள் என்பதால் கடலைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று விடுதித் தோழிகள் நினைக்கிறார்கள். உண்மை அப்படியில்லை. எங்கள் ஊரில் பெண்கள் கடலுக்குப் போவதில்லை. மீன் கரைக்கு வந்த பிறகே அது பெண்களின் கைக்கு வரும். இடுப்பளவு நீருக்கு மேல் நான் கடலில் இறங்கியதே கிடையாது. பாறையும் பவளமும் பாசியும் எனக்குப் பாடநூல் படங்கள்தான்.

சென்ற பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் அமர்ந்து அப்பா வலைக்கண் முடிந்துகொண்டிருந்தார். கைப்பேசியில் இந்த நத்தையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நான், சும்மா அவரிடமும் காட்டினேன். வலையைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பேசியை வாங்கிக் கண்ணுக்கு அருகே பிடித்தார்.

"ஏட்டி, இது நம்ம பார்ல கெடக்குமே! இதயா படிக்கிற?"

எங்கள் பக்கம் கடலுக்குள் இருக்கும் பாறைத் திட்டைப் 'பார்' என்பார்கள்.

"எத்தனை பாகத்துலப்பா பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"எட்டுப் பாகம், ஒம்பது பாகம் இருக்கும். மணலும் பாரும் சேருற எடத்துல. பாருமேல ஒரு பஞ்சு மாதிரி வளந்து கெடக்கும் பாரு, அது மேல அப்பிக்கிட்டு இருக்கும். மீனு கிட்ட வரும், மோந்து பாக்கும், போயிரும்."

எனக்கு மெய் சிலிர்த்தது. ஆயினும் ஓர் ஐயம். ஃபில்லிடியா குடும்பத்தில் இதே கறுப்பு, நீலம், மஞ்சள் நிறத்தில் வேறு சில இனங்களும் உண்டு. முதுகை மட்டும் பார்த்து இன்ன இனம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வேரிகோசாவுக்கு ஒரு தனி அடையாளம் இருக்கிறது. அதன் சாம்பல் நிறப் பாதத்தின் நடுவே நீளமாக ஒரு கறுப்புக் கோடு ஓடும். நான் காட்டிய படத்தில் முதுகு மட்டுமே தெரிந்தது. பாதத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அப்பா தாமாகவே தொடர்ந்தார்:

"ஒரு நா, சங்கோட சேத்து ஒரு கல்லும் பையில வந்துட்டு. கல்லுல இது ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. துடுப்பு முனையால பொரட்டிப் போட்டேன். வயித்துல நட்டநடுவுல, மை வச்சு இழுத்தாப்புல கறுப்பா ஒரு கோடு. ஒரு வாடை வேற. பாக்க அழகா இருந்துச்சு, பாவம்னு கல்லோட கடல்லயே விட்டுட்டேன்."

கறுப்புக் கோடு! வாடை! 1963-இல் ஓர் ஆய்வாளர் எழுதி வைத்த வாடையையும், வகைப்பாட்டு நூல் சொல்லும் கோட்டையும், எழுதப் படிக்கத் தெரியாத என் தந்தையார் திண்ணையில் அமர்ந்து வலை முடிந்தபடி சொல்கிறார். நான் அவருக்கு அதன் பெயரைச் சொன்னேன். லாமார்க்கைச் சொன்னேன். ஹவாயைச் சொன்னேன். கடல் அட்டைக் குஞ்சு இந்த நத்தையைப் போல வேடம் போடுவதைச் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். 2001-இல் தடை வரும் வரை அவரும் அட்டை பொறுக்கியவர்தான். "அட்டைக்கு அம்புட்டுப் புத்தியா?" என்று கேட்டார். பிறகு, "ஃபில்லிடியா, ஃபில்லிடியா" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அன்றிரவே என் குறிப்பேட்டில் அவர் சொன்ன ஆழம், இடம், நிலத்தின் தன்மை எல்லாவற்றையும் எழுதிக் கொண்டேன். லாமார்க்கின் மகளை நினைத்ததும் அப்போதுதான்.

அங்கிருந்த சித்தப்பாவுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. "சங்கு குளிச்சவன் மக நத்தை படிக்கா. இதனால யாருக்கு என்ன பிரயோசனம்? டிஎன்பிஎஸ்சிக்குப் படிச்சாலும் ஒரு வேலை கெடைக்கும்" என்றார். அவர் கேட்டதில் குற்றமில்லை. நான் முதுகலை சேர்ந்தால் இன்னும் இரண்டு ஆண்டு சம்பாத்தியம் இல்லை. அம்மாவின் கால்களோ மருத்துவம் கேட்டு நிற்கின்றன. அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு.

"உங்க படகு அடியில கொட்டலசு ஒட்டுதே, அத எப்படி எடுக்கிறீங்க சித்தப்பா?" என்று கேட்டேன். படகைக் கரையேற்றிச் சுரண்டுவதும், மருந்து கலந்த பெயின்ட் அடிப்பதும் மீனவர் ஒவ்வொருவரும் பட்டிருக்கும் பாடு. கொட்டலசு ஒட்டினால் படகு கனக்கும்; டீசல் கூடுதலாகக் குடிக்கும். பெரிய கப்பல்களுக்கு நெடுங்காலம் டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயக் கலவை அடித்த பெயின்டைப் பயன்படுத்தினார்கள். அது கொட்டலசைத் தடுத்தது. கூடவே சிப்பிகளையும் நத்தைகளையும் பாழாக்கி, அவற்றின் இனப்பெருக்கத்தையே கெடுத்தது. எனவே 2001-இல் உலக நாடுகள் கூடி ஒரு உடன்படிக்கை செய்தன. 2008-இல் அது நடைமுறைக்கு வந்து அந்தப் பெயின்ட் தடை செய்யப்பட்டது. அதற்கு மாற்று என்ன என்ற தேடலில் 1990-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஃபில்லிடியா குடும்பத்து நத்தைகளைச் சோதித்தார்கள். அவற்றிலிருந்து பிரித்த பொருள்கள், கொட்டலசின் இளவுயிரி பரப்பில் ஒட்டுவதையே தடுப்பதைக் கண்டார்கள். அந்த ஆய்வு நாளைக்கே பெயின்ட் டப்பாவாகக் கடைக்கு வந்துவிடாது. என்றாலும், யாருக்கு என்ன பயன் என்று கேட்ட என் சித்தப்பாவின் படகுக்கே அது பயன்படக்கூடும் அல்லவா? இதை நான் சொன்னபோது அவர் பதில் பேசவில்லை. மறுநாள் காலையில், "அந்த நத்தைய அரைச்சுப் பூசுனா ஒட்டாதா?" என்று மட்டும் கேட்டார். "அம்புட்டு நத்தைக்கு எங்க போக?" என்று அப்பாவே விடை சொல்லிவிட்டார்.

உண்மையில் அஞ்ச வேண்டியது அதற்குத்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989-இல் அது உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. ஆனால் கடல் சூடேறுவதை எந்த அறிவிப்பும் தடுப்பதில்லை. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இந்த வளைகுடாவின் பவளங்கள் வெப்பத்தால் வெளுத்தன. "முந்தி மாதிரிப் பாரு இல்ல" என்று குளித்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். முந்தி எப்படி இருந்தது என்பதற்கு அவர்களுடைய நினைவுதான் சாட்சி. எட்டுப் பாகத்தில் எந்தப் பாரில் என்ன இருந்தது என்று அறிந்த தலைமுறை காது மங்கி, மூச்சு மங்கிக் கரையில் அமர்ந்திருக்கிறது. அவர்களிடம் கேட்டு எழுதி வைக்க ஆள் வேண்டும். அவர்கள் மொழி தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆளாக நான் இருக்க விரும்புகிறேன். முதுகலையில் கடல் உயிரியல் படிக்க வேண்டும். ஒரு நாள் நானே மூழ்கி அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இதைக் கேட்டு அம்மா திடுக்கிட்டார். "பொம்பளப் பிள்ள கடலுக்குள்ள முங்குறதா?" என்றார். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைகளில் பெண்கள் தலைமுறையாக நீரில் மூழ்கிப் பாசி எடுத்து வருவதை அப்பாதான் அவருக்கு எடுத்துச் சொன்னார். அத்துடன் அம்மாவின் அச்சம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பேச்சு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. முதுகலைக்கு விண்ணப்பிக்க எனக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரியில் என்னைப் போல் வீட்டின் முதல் பட்டதாரியாக வந்திருப்பவர்கள் மிகப் பலர். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் உண்டு, உப்பளத் தொழிலாளியின் பிள்ளைகள் உண்டு, ஆடு மேய்ப்பவர் பிள்ளைகள் உண்டு. நமக்கு வழிகாட்ட வீட்டில் படித்தவர்கள் இல்லை. கைகொடுக்கப் பெரிய மனிதர்களின் உறவு இல்லை. ஓடு இல்லாமல் உலகத்துக்கு வந்திருக்கிறோம் என்று சில வேளைகளில் மனம் சோர்வதுண்டு. அப்போதெல்லாம் இந்த நத்தையை நினைத்துக் கொள்ளுங்கள். எந்தப் பாறையில் வளர்ந்ததோ அந்தப் பாறையின் உணவிலிருந்தே அது தன் பாதுகாப்பையும் தேடிக் கொள்கிறது. நம்மை வளர்த்த வீட்டிலும் அப்படிப்பட்ட உணவு இருக்கிறது. தறியின் கணக்கு, உப்பு விளையும் பதம், ஆட்டு நோய்க்குப் பச்சிலை, கடலின் பார் என்று எத்தனையோ அறிவு அங்கே பெயரில்லாமல் கிடக்கிறது. அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது உங்கள் பாடநூலிலிருந்து ஒரு படத்தையாவது வீட்டில் காட்டுங்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு பணிவான விண்ணப்பம். நம் துறை அலமாரிப் புட்டிகளில் லத்தீன் பெயர் ஒட்டியிருக்கிறது. அதனடியில், அந்த உயிரை நாள்தோறும் காண்பவர்கள் அதற்கு வழங்கும் பெயரையும், உயிரோடிருந்தபோது அதற்கிருந்த நிறத்தையும் இரண்டு வரியில் எழுதி ஒட்டினால் எத்தனை நன்றாயிருக்கும்! எழுதித் தர மாணவர்கள் நாங்கள் இருக்கிறோம். சொல்லித் தர எங்கள் பெற்றோர் இருக்கிறார்கள்.

வரும் கோடை விடுமுறையில் எனக்கு நீச்சல் கற்றுத் தருவதாக அப்பா வாக்களித்திருக்கிறார். முதலில் இடுப்பளவு நீர், பிறகு கழுத்தளவு, அதற்குப் பிறகு மூச்சடக்கப் பழக்கம் என்று வரிசை சொல்லியிருக்கிறார். அவர் பாடத்திட்டத்திலும் பருவத் தேர்வு உண்டாம்!